இடுப்புக்குள் குட்டைத் தண்டு! நீளத் தண்டை ஜெயித்ததா?

இங்கிலாந்தில் ஒரு டாக்டர் இருந்தார். அவர் பெயர் ஜான் சார்ன்லி. லங்காஷயர் பகுதியில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் அவர் வேலை பார்த்தார். இடுப்பு மூட்டு தேய்ந்து, வலியால் துடித்தவர்களுக்குப் புது மூட்டு வைத்து நடக்கச் செய்தவர் அவர்.

தம்மிடம் வந்த நோயாளிகளிடம் அவர் விசித்திரமான ஒரு வேண்டுகோள் விடுத்தார். அவர்கள் காலமான பிறகு, உள்ளே வைத்த மூட்டை எடுத்துப் பார்க்க அனுமதி தர வேண்டும் என்று கேட்டார்!

கேட்டவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டு இருக்கும். ஆனாலும் பலர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

டாக்டர் ஏன் அப்படிக் கேட்டார்? உடம்புக்குள் வைத்த மூட்டு நல்லதா, கெட்டதா என்பது ஆபரேஷன் மேஜையில் தெரியாது. ஒரு வருஷத்தில் தெரியாது. ஐந்து வருஷத்திலும் முழுதாகத் தெரியாது. மனிதன் நடந்து, மாடிப்படி ஏறி, வயதாகி முடிந்த பிறகுதான் தெரியும்.

இன்று பல நாடுகளில் "குட்டைத் தண்டு" என்ற புதிய மாதிரி மூட்டு வைக்கிறார்கள். எலும்பை மிச்சப்படுத்தும் என்கிறார்கள். வயது குறைந்தவர்களுக்கு ஏற்றது என்கிறார்கள். அது மெய்தானா என்று பார்க்கும்போது, சார்ன்லியின் அந்தப் பழைய வேண்டுகோள்தான் நினைவுக்கு வருகிறது.

தறிக்கு வந்த பிளாஸ்டிக்

இடுப்பு மூட்டு, பந்தும் கிண்ணமும் போன்றது. தொடை எலும்பின் தலை பந்து போல உருண்டையாக இருக்கும். இடுப்பு எலும்பில் கிண்ணம் போலக் குழி இருக்கும். பந்து கிண்ணத்துக்குள் சுழலும். இரண்டுக்கும் நடுவே வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்ந்தால் எலும்போடு எலும்பு உரசும். வலி உயிர் போகும்.

தேய்ந்த பந்தை வெட்டி எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கலாம். குழியில் புதுக் கிண்ணம் பதிக்கலாம். ஆனால் கிண்ணத்தை எதனால் செய்வது?

சார்ன்லி முதலில் டெஃப்லானால் செய்தார். தோசைக்கல்லில் மாவு ஒட்டாமல் இருக்கப் பூசுகிறார்களே, அதே டெஃப்லான்தான். சுமார் 300 பேருக்கு வைத்தார். எல்லோரும் எழுந்து நடந்தார்கள். டாக்டருக்குப் பெரிய புகழ்.

இரண்டு மூன்று ஆண்டுகள் போயின. கிண்ணங்கள் தேய ஆரம்பித்தன. உதிர்ந்த தூள், சுற்றி இருந்த சதையையும் எலும்பையும் கெடுத்தது. வைத்த மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியதாயிற்று. அந்தத் தூள் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க, சார்ன்லி அதைத் தம் தொடைக்குள்ளேயே வைத்துக் கொண்டார்! அந்த இடம் கட்டியாக வீங்கியது.

1962-ம் ஆண்டு ஒரு வியாபாரி ஆஸ்பத்திரிக்கு வந்தார். லங்காஷயர் நெசவுத் தறிகளுக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்பவர் அவர். பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கைக் காட்டினார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்தார். கீறல் விழுந்தது. "வேண்டாம்" என்று ஒதுக்கிவிட்டார்.

ஆனால் ஹாரி கிரேவன் என்ற தொழிலாளி அதை விடவில்லை. சோதனை மெஷின்கள் செய்து கொடுத்தவர் அவர். டாக்டர் வெளிநாடு போய் இருந்த நேரத்தில், அந்தப் பிளாஸ்டிக்கை மெஷினில் மாட்டி ஓட விட்டார். இரவு பகலாக மூன்று வாரம் ஓடியது. டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை!

1962 நவம்பரில் பாலிஎதிலீன் கிண்ணம் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது. இன்று உலகம் முழுவதும் நடக்கும் இடுப்பு மூட்டு ஆபரேஷனுக்கு அதுதான் அடிப்படை. முதல் சில வருஷம் நன்றாக இருப்பதை நம்பக் கூடாது என்ற பாடத்தையும் அந்த 300 பேரின் டெஃப்லான் கற்றுக் கொடுத்தது.

மிதிக்காத பாதை

இனி தண்டுக்கு வருவோம்.

உலோகப் பந்தை எலும்பின் நுனியில் சும்மா ஒட்டி வைக்க முடியாது. நடக்கும்போது உடம்பின் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அதன்மேல் விழுகிறது. அதனால் பந்துக்குக் கீழே ஓர் உலோகத் தண்டு இருக்கும். தொடை எலும்பின் நடுக்குழாயில் அதை இறக்குவார்கள். சிலருக்குச் சிமெண்டு போன்ற பசை போட்டுப் பதிப்பார்கள். சிலருக்குப் பசை இல்லாமல் இறுக்கமாகச் செருகுவார்கள். தண்டின் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அதில் எலும்பு வளர்ந்து பிடித்துக் கொள்ளும்.

வழக்கமான தண்டின் நீளம் சுமார் 15 சென்டி மீட்டர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெட்டியில் வைத்திருக்கும் சின்ன ஸ்கேல் அளவு. இந்த நீளத் தண்டுகள் லட்சக்கணக்கானவர்களை நடக்க வைத்து இருக்கின்றன. இன்றும் நடக்க வைக்கின்றன.

ஆனால் அதில் ஒரு குறை உண்டு.

ஜெர்மனியில் ஜூலியஸ் உல்ஃப் என்ற சர்ஜன் 1892-ம் ஆண்டிலேயே ஓர் உண்மையைச் சொன்னார். பாரம் விழும் எலும்பு பலமாகும். பாரம் விழாத எலும்பு மெலியும். மிதிக்கும் பாதை கெட்டியாக இருக்கிறது, மிதிக்காத பாதையில் புல் முளைத்து மறைந்து போகிறது, அதைப் போலத்தான்.

நீளத் தண்டு பாரத்தை நேராகக் கீழே கொண்டு போகிறது. எலும்பின் மேல் பாகத்துக்கு வேலை இல்லாமல் போகிறது. வேலை இல்லாத எலும்பு ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. சிலருக்குத் தண்டின் நுனி குத்தும் இடத்தில் தொடை வலியும் வருகிறது.

எழுபது வயதுப் பாட்டிக்கு இது பெரிய கவலை இல்லை. அவருக்கு வைத்த மூட்டு அவர் காலம் வரை போதும். ஆனால் ஐம்பது வயதுக்காரருக்கு?

பிரிட்டனில் ஒரு கணக்கு எடுத்தார்கள். 2017-ல் அது வெளிவந்தது. எழுபது வயதுக்கு மேல் மூட்டு வைத்துக் கொண்டவர்களில், நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் வாழ்நாளில் மறுபடி ஆபரேஷன் செய்து கொள்ள வேண்டி வரும். ஐம்பது வயதை ஒட்டிய ஆண்களில், நூற்றுக்கு 35 பேர் வரை மறு ஆபரேஷனுக்கு வரவேண்டி இருக்கும்!

மறு ஆபரேஷன் என்றால் பழைய தண்டை உருவ வேண்டும். ஏற்கனவே மெலிந்த எலும்பில் இன்னும் நீளமான தண்டை இறக்க வேண்டும். முதல் ஆபரேஷனைவிட இது கஷ்டம். ரத்தச் சேதம் அதிகம். செலவும் அதிகம்.

ஆகவே டாக்டர்கள் யோசித்தார்கள். முதல் தண்டையே குட்டையாக வைத்தால் என்ன? எலும்பின் மேல் பாகத்துக்கு வேலை கொடுக்கும். கீழ்ப்பாகத்தைத் தொடாமல் மிச்சம் வைக்கும். இரண்டாவது ஆபரேஷன் வந்தால் அப்போது சாதாரணத் தண்டை வைத்துக் கொள்ளலாம்.

1980-களில் அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரி டாக்டர் பெர்னார்ட் மோரியும், இத்தாலியில் டாக்டர் பிபினோவும் இப்படிப்பட்ட தண்டுகளைச் செய்து பார்த்தார்கள். 2000-ம் ஆண்டுக்குப் பிறகு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்துக் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. பொதுவாக 12 சென்டி மீட்டருக்குக் குறைந்த தண்டைக் குட்டைத் தண்டு என்கிறார்கள். சில தண்டுகள் நடுவிரல் நீளம்தான்.

முறிந்தது எது?

2004-ல் ஜெர்மனியில் "மேத்தா" என்ற குட்டைத் தண்டு வந்தது. அதில் ஒரு புதுமை செய்து இருந்தார்கள். தண்டு தனி, கழுத்து தனி. ஆபரேஷன் மேஜையில் நோயாளிக்குத் தக்க கோணத்தில் கழுத்தைத் தேர்ந்து எடுத்துத் தண்டில் பொருத்திக் கொள்ளலாம். கழுத்தை டைட்டானியம் என்ற உலோகத்தில் செய்து இருந்தார்கள். டாக்டர்களுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. இரண்டே ஆண்டில் சுமார் 5,000 பேருக்கு வைத்தார்கள்.

பிறகு கழுத்து முறியத் தொடங்கியது!

நடந்து கொண்டு இருக்கும் மனிதனுக்கு உள்ளே உலோகம் முறிந்தால் எப்படி இருக்கும்? 2006 நவம்பரில் அந்த டைட்டானியம் கழுத்தை நிறுத்தினார்கள். 2009 ஜனவரி வரை எண்ணியபோது 68 கழுத்துகள் முறிந்து இருந்தன. சராசரியாக வைத்த இரண்டாவது ஆண்டில் முறிந்தன. அந்த 68 பேரில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் ஆண்கள். சராசரி எடை 102 கிலோ.

காரணத்தைத் தேடிப் பார்த்தார்கள். கழுத்தும் தண்டும் பொருந்தும் இடத்தில் அழுக்கு சிக்கினாலும், பாரம் மிகுந்தாலும் கழுத்து மயிரிழை அசையும். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் அசைந்து அசைந்து உலோகம் களைத்துப் போய்விடும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிகிறது அல்லவா? அதே கதை. கோபால்ட்-குரோமியம் உலோகத்தில் செய்த கழுத்துகளோ அந்தக் கணக்கில் ஒன்றுகூட முறியவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முறிந்தது குட்டைத் தண்டு அல்ல. அதன்மேல் கூடுதலாகச் சேர்த்த பொருத்துதான் முறிந்தது. புதுமைக்குமேல் புதுமையாக இரண்டை ஒரே சமயத்தில் நோயாளியின் உடம்பில் சோதித்ததால் வந்த வினை.

ஒரு கால் குட்டை, ஒரு கால் நீளம்

சரி, பொருத்து இல்லாத ஒரே துண்டுக் குட்டைத் தண்டின் பலன் எப்படி?

தென் கொரியாவில் சியோல் நகரத்தில் டாக்டர் யங்-ஹூ கிம் ஒரு நல்ல வழி கண்டார். இரண்டு இடுப்பும் தேய்ந்து வந்த நோயாளிகளுக்கு ஒரு பக்கம் குட்டைத் தண்டும், மறுபக்கம் வழக்கமான தண்டும் வைத்தார். ஒரே மனிதர், ஒரே எடை, ஒரே நடை. இதைவிட நேர்மையான பந்தயம் வேறு என்ன வேண்டும்? பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர்களைப் பார்த்து வந்தார்.

தொடை வலி குட்டைப் பக்கம் குறைவு. எலும்பின் மேல் பாகம் மெலிவதும் குட்டைப் பக்கம் குறைவு. நடை, மூட்டின் ஆயுள் இரண்டிலும் இரு பக்கமும் சமம்!

மற்ற நாடுகளில் நடந்த சோதனைகளும் பெரும்பாலும் இதையே சொல்கின்றன. டாக்டர்கள் இடுப்புக்கு மார்க் போடுவது உண்டு. அமெரிக்க டாக்டர் வில்லியம் ஹாரிஸ் 1969-ல் வகுத்த முறை அது. மொத்தம் 100. வலி இல்லாமைக்கு மட்டும் 44 மார்க். நடை, மாடிப்படி, செருப்பு மாட்டுவது போன்றவற்றுக்கு 47. ஆபரேஷனுக்குப் பிறகு குட்டைத் தண்டுக்காரரும் 90-க்கு மேல் வாங்குகிறார். நீளத் தண்டுக்காரரும் 90-க்கு மேல் வாங்குகிறார். மார்க்கைப் பார்த்து இவர் இன்ன தண்டுக்காரர் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் குட்டைத் தண்டு வைத்தால் நன்றாக நடக்கலாம் என்று விளம்பரம் செய்கிறார்களே? நன்றாக நடக்கலாம். நீளத் தண்டு வைத்தாலும் அதே அளவு நடக்கலாம்.

குட்டைத் தண்டை வைப்பதில் சில சங்கடங்களும் உண்டு. நீளத் தண்டு எலும்புக் குழாய்க்குள் தானே நேராக நிற்கும். குட்டைத் தண்டுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்து விடலாம். அளவு தவறினால் கால் நீளம் கூடிக் குறையும். முதல் சில மாதத்தில் தண்டு ஒன்று இரண்டு மில்லி மீட்டர் கீழே இறங்குவதும் உண்டு. பிறகு பெரும்பாலும் நின்று விடுகிறது. நிற்காமல் இறங்கிக் கொண்டே போனால் ஆபத்து. கை பழகிய டாக்டருக்கும் பழகாத டாக்டருக்கும் இங்கே வித்தியாசம் தெரியும்.

எலும்பு ஏற்கனவே பஞ்சு போல ஆகிவிட்ட வயதானவர்களுக்குக் குட்டைத் தண்டு பொதுவாக ஏற்றது அல்ல. அவர்களுக்குச் சிமெண்டு போட்டுப் பதிக்கும் பழைய தண்டே எலும்பு உடையும் ஆபத்தைக் குறைக்கிறது. புதியது என்பதால் பாட்டிக்கும் அதுவே வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்க வேண்டியது இல்லை.

தரையில் சம்மணம் போட்டு உட்காரலாமா என்பது நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி. அதைத் தண்டின் நீளம் தீர்மானிப்பது இல்லை. பந்து எவ்வளவு பெரியது, கிண்ணத்தை எந்தக் கோணத்தில் வைத்தார்கள், எந்தப் பக்கமாகத் திறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆபரேஷன் செய்த டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

வராமல் போகும் இரண்டாம் ஆபரேஷன்

குட்டைத் தண்டின் உண்மையான வாக்குறுதி நடை அல்ல. இரண்டாவது ஆபரேஷன் சுலபமாகும் என்பதுதான். அந்தப் பரீட்சை எப்போது நடக்கும்? முதல் மூட்டு பழுதாகும்போது.

2019-ல் ஆஸ்திரேலியா, பின்லாந்து பதிவேடுகளைச் சேர்த்து ஒரு கணக்குப் பார்த்தார்கள். இடுப்பு மூட்டுகளில் நூற்றுக்கு 89 மூட்டுகள் 15 ஆண்டு நிலைத்தன. 20 ஆண்டுக்கு 70. 25 ஆண்டுக்கு 58. இவை பழைய மாதிரி மூட்டுகள். அவற்றைப் பழுதாக்கியதும் எப்போதும் தண்டு அல்ல. கிண்ணம் தேய்வது, கிருமி புகுவது, பந்து நழுவுவது என்று பல காரணங்கள் உண்டு. தண்டைக் குட்டையாக்கினால் இவை நிற்காது.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 1990-களின் கடைசியில் பாலிஎதிலீனைக் கதிர் வீச்சால் உறுதியாக்கும் முறை வந்தது. கிராமத்துக் கொல்லன் இரும்பைக் காய்ச்சித் தோய்ப்பது போல என்று வைத்துக் கொள்ளலாம். அதன்பின் கிண்ணம் தேய்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. தேயாவிட்டால் பலருக்கு இரண்டாம் ஆபரேஷனே வராது. வராத விருந்தாளிக்கு இலை போட்டு வைத்த கதையாகக் குட்டைத் தண்டு ஆகிவிடலாம்! ஆனால் முப்பது, நாற்பது வயதில் மூட்டு வைக்க வேண்டி வருபவருக்கு விருந்தாளி வருவது ஏறக்குறைய நிச்சயம். அவருக்கு மிச்சம் வைத்த எலும்பு தங்கத்துக்குச் சமம்.

இந்தியாவில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. மேல்நாடுகளில் வயதான தேய்மானத்தால்தான் பெரும்பாலோர் மூட்டு வைக்கிறார்கள். இங்கே ரத்த ஓட்டம் நின்று பந்து எலும்பு செத்துப் போவது ஒரு பெரிய காரணம். மது, ஸ்டீராய்டு மருந்து, விபத்து இவற்றால் அது வருகிறது. இளம் வயதிலேயே வருகிறது.

3,600 பேர் எங்கே?

இவ்வளவு கணக்கும் எப்படிக் கிடைத்தது? பதிவேட்டால் கிடைத்தது.

1979-ல் சுவீடன் நாடு ஒரு காரியம் செய்தது. நாட்டில் எங்கே இடுப்பு மூட்டு வைத்தாலும், கழற்றினாலும் ஒரே பதிவேட்டில் எழுத ஆரம்பித்தது. அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் எண் உண்டு. ஒரு ஊரில் வைத்த மூட்டை இன்னொரு ஊரில் கழற்றினாலும் தெரிந்துவிடும். ஆஸ்திரேலியா 1999-லும், இங்கிலாந்து 2003-லும் பதிவேடு தொடங்கின.

இதன் அருமை "ஏ.எஸ்.ஆர்." விவகாரத்தில் தெரிந்தது. அது குட்டைத் தண்டு அல்ல. பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம் என்ற வேறு ஒரு புதுமை. பிரமாதம் என்று விற்றார்கள். உலோகம் உலோகத்தோடு உரசி, தூள் சதையிலும் ரத்தத்திலும் கலந்தது. ஆஸ்திரேலியப் பதிவேடு முதலில் எச்சரித்தது. 2009 கடைசியில் அந்த நாட்டில் விற்பனை நின்றது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் சுமார் 93,000 பேர் உடம்பில் வைத்து ஆகிவிட்டது.

இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்கள் நடந்து இருந்தன. மத்திய அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. 2018-ல் அதன் அறிக்கை வெளியானபோது நாடே அதிர்ந்தது. சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை! நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்று அரசு சொன்னது. 30 லட்சம் ரூபாய் முதல் 1 கோடியே 23 லட்சம் வரை கணக்குப் போட்டது. ஆனால் ஆளைக் கண்டுபிடித்தால்தானே பணம் கொடுக்க முடியும்?

இந்தியாவிலும் மூட்டு டாக்டர்கள் சங்கம் ஒரு பதிவேடு நடத்துகிறது. ஆனால் அதில் எழுதுவது டாக்டரின் இஷ்டம். கட்டாயம் இல்லை.

நாளை ஏதோ ஒரு குட்டைத் தண்டில் கோளாறு என்று செய்தி வந்தால், தமக்கு உள்ளே இருப்பது எது என்று நோயாளிக்குத் தெரிந்து இருக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டுப் பெட்டியிலும் சிறு ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. தண்டின் பெயர், அளவு, எண் எல்லாம் அதில் அச்சிட்டு இருக்கும். ஆஸ்பத்திரியில் அதைக் கேஸ் புத்தகத்தில் ஒட்டுகிறார்கள். வீட்டுக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரத்தோடு பத்திரப்படுத்த வேண்டும். பணம் கட்டிய ரசீதை வைத்திருக்கும் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

2004-ல் மேத்தா தண்டு முதன்முதலில் ஒருவருக்கு ஐம்பது வயதில் வைக்கப்பட்டது என்று வைத்துக் கொள்வோம். 2029-ம் ஆண்டில் அவருக்கு வயது 75. அந்த வயதிலும் அதே தண்டோடு நடப்பாரா? மறு ஆபரேஷனுக்கு வந்தால், மிச்சம் வைத்த எலும்பு சொன்னபடி உதவுமா? குட்டைத் தண்டின் இருபத்தைந்தாம் ஆண்டுக் கணக்கு அப்போதுதான் பதிவேட்டில் ஏறும்.